கண்ணீருக்கும் இடமுண்டு குடிலில்



நத்தார் நெருங்குகிறது. வீடுகளில் பலகாரச் சட்டி அடுப்பேறிவிட்டது. பிள்ளைகள் சவுக்கங் கொப்புக்கும் வைக்கோலுக்கும் அலைந்து திரிகிறார்கள். ஆனால் நமது கரையோரப் பங்குகளில், இந்த நாட்கள் நெருங்க நெருங்கப் பேச்சடங்கிப் போகும் வீடுகளும் உண்டு. பாலன் பிறந்த மறுநாள் அவ்வீடுகளில் நினைவுநாள். அவர்களை மனதில் வைத்தே இவ்வாரம் எழுதுகிறேன்.

2004 மார்கழி 26ஆம் நாள் காலை, முல்லைத்தீவிலும் வடமராட்சி கிழக்கிலும் மட்டக்களப்பிலும் கடல் ஊருக்குள் ஏறியது. நம் நாட்டில் மட்டும் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உடல் கிடைத்தவர்களுக்குச் சேமக்காலையில் ஒரு சிலுவையாவது உண்டு. கிடைக்காதவர்களுக்கு அதுவுமில்லை.

பத்து ஆண்டுகள் கழிந்தபின், ஒரு நத்தார் காலத்தில், கரையோர வீடொன்றுக்குச் சென்றிருந்தேன். குடில் இல்லை. "ஏனம்மா கட்டவில்லை?" என்று கேட்டேன். "சுவாமி, குடில் கட்டுறது மூத்தவன்ர வேலை. அவனையும் அவன் கட்டின குடிலையும் கடல் ஒண்டாக் கொண்டு போட்டுது. இனி நான் என்னெண்டு கட்டுவன்?" என்றார் அந்தத் தாய். "எல்லாம் இறைவன் சித்தம்" என்று தொடங்கினேன். "அதை மட்டும் சொல்லாதேங்கோ, சுவாமி" என்றார். என் வாய் அடைத்துப் போயிற்று.

புறப்படும்போது, அனர்த்தத்தின் பின் பிறந்த இளைய மகன் என்னை வீட்டின் பின்புறம் அழைத்துச் சென்றான். பனையடியில், சிரட்டைகளை அடுக்கி, சிறியதொரு குடில் கட்டியிருந்தான். "அம்மாட்டைச் சொல்லாதேங்கோ" என்றான். தாயின் துயரைக் கிளறாதிருக்கத் தன் நத்தாரையே ஒளித்து வைத்திருந்தது அந்தப் பிள்ளை!

அன்பர்களே, குடிலைச் சூழ மகிழ்ச்சி மட்டுமே இருக்கவேண்டும் என்று யார் சொன்னது? திருச்சபை அப்படிச் சொல்லவில்லை. பாலன் பிறந்த மறுநாளே, கல்லெறியுண்டு மாண்ட முடியப்பரை நினைவுகூருகிறது. 28ஆம் நாளில், ஏரோதின் வாளுக்கு இரையான மாசில்லாக் குழந்தைகளை நினைவுகூருகிறது. நத்தார் வாரத்துக்குள்ளேயே அழுகைக்கும் இடம் வைத்திருக்கிறாள் நம் தாயாம் திருச்சபை.

2004இல் மார்கழி 26 ஞாயிறாக வந்தமையால், அன்று திருக்குடும்பத் திருநாள். அன்றைய நற்செய்தி எது தெரியுமா? சூசையப்பர் நள்ளிரவில் எழுந்து, பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு ஓடியது! அதே காலைதான் நம் மக்களும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சிலர் தப்பினர். சிலரது கைப்பிடி நழுவியது.

ஒரு பிள்ளை தப்ப, பெத்லகேமின் மற்றப் பிள்ளைகள் ஏன் மாண்டனர்? மத்தேயு அதற்கு விளக்கம் எழுதவில்லை. ஆறுதலடைய மறுத்து அழும் இராக்கேலை நமக்குக் காட்டுகிறார்; அழாதே என்று அவளை அதட்டவில்லை. ஆயினும் அவர் எழுதிய நற்செய்தி அங்கே முடிந்துவிடவில்லை. அன்று தப்பிய பாலன் சாவிலிருந்து தப்பியோட வந்தவர் அல்லர். பின்னொரு நாள் கல்வாரியில், தாமும் மரணத்தின் வழியே நடந்தார். சிலுவையடியில் நின்ற அவருடைய தாய், பிள்ளையைப் பறிகொடுத்த ஒவ்வொரு தாய்க்கும் துணையானாள். மூன்றாம் நாள் கல்லறை திறந்தது. நம் பிள்ளைகளை நாம் ஒப்படைத்திருப்பது அந்தக் கரங்களிலேதான்.

எனவே, விசுவாசத்தில் உறுதி என்பது கண்ணீர் வராத கண்ணல்ல. கண்ணீரோடும் குடிலுக்கு முன் முழந்தாட்படியிடுவதே உறுதி. இழப்பைச் சந்தித்த குடும்பங்களே, இந்நத்தாரில் பெரிதாக எதுவும் செய்யவேண்டாம். சிறிய குடிலொன்று கட்டுங்கள். மறைந்தவரின் பெயரைச் சொல்லிச் செபமாலை சொல்லுங்கள். பூசையில் அவருக்காக வேண்டுங்கள். எஞ்சியுள்ள பிள்ளைகளின் மகிழ்ச்சியைப் பனையடியில் ஒளிக்க விடாதீர்கள். அயலவர்களே, அவ்வீடுகளுக்குப் பலகாரத் தட்டை மட்டும் அனுப்பிவிடாதீர்கள். நீங்களே போய் இருங்கள். விளக்கம் சொல்லவேண்டாம், அருகில் இருந்தால் போதும்.

மறு ஆண்டு அந்த வீட்டுக்குப் போனேன். விறாந்தையில் குடில் இருந்தது. கூரை ஒரு பக்கம் சரிந்திருந்தது. "சின்னவன் கட்டினது, சுவாமி. மூத்தவன் எண்டால் நேராக் கட்டியிருப்பான்" என்றார் தாய். அழுதார். பிறகு மெழுகுதிரியை ஏற்றினார்.

அவ்வீட்டில் பிறந்த பாலன் உங்கள் வீட்டிலும் பிறப்பாராக.