இரண்டு பாதிரிகள்

கடலூர் வழியே புகைவண்டியில் பயணம் செய்தோர் 'திருப்பாதிரிப்புலியூர்' என்னும் நிலையத்தின் பெயர்ப்பலகையைக் கண்டிருப்பர். வெளியூர்க் கத்தோலிக்கர் சிலர் அதைப் படித்துவிட்டுப் புன்னகைப்பதுண்டு. பாதிரியாருக்கும் புலிக்கும் என்ன உறவு என்று கேட்போரும் உளர்.

உறவு ஏதுமில்லை. ஊர்ப்பெயரில் உள்ள பாதிரி ஒரு மரம். கோடையில் மலர்வது, பூவில் மெல்லிய துய் படர்ந்திருக்கும். சங்கப் புலவர் ஒருவர் அதை ஓவியரின் தூரிகைக்கு ஒப்பிட்டார். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் 99 மலர்களுள் இதுவும் ஒன்று. வடமொழியில் இதன் பெயர் பாடலி. மகத நாட்டுப் பாடலிபுத்திரம் இம்மரத்தின் பெயரையே தாங்கி நின்றது. நம் ஊரில் பாடலீசுவரர் கோயிலின் தல மரம் இது. புலியூர் என்பது புலிக்கால் முனிவர் வழிபட்ட தலம் என்ற ஐதிகத்தால் வந்தது. சிதம்பரத்துக்கும் பெரும்பற்றப்புலியூர் என்னும் பெயருண்டு.

மற்றொரு பாதிரி கப்பலேறி வந்தது. தந்தை என்று பொருள்படும் போர்த்துக்கீசியரின் 'பாத்ரே' தமிழர் நாவில் பாதிரியாயிற்று. சாவி, சன்னல், அலமாரி, மேசை, ஏன், ரோசாவும் அதே கப்பலில் இறங்கியவையே. இவ்வாறு ஒலியால் ஒன்றான இரு சொற்கள், ஒன்றையொன்று அறியாமல், ஒரே நகரத்தில் குடியிருக்கின்றன.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. ஒரு சொல் எங்கே பிறந்தது என்பது, அது இன்று யாருடையது, எதைக் குறிக்கிறது என்பதைத் தீர்மானிக்குமா? சொற்பிறப்பியலுக்கு மேனாட்டார் இட்ட பெயர் 'எத்துமொன்' என்னும் கிரேக்க அடியிலிருந்து வந்தது. 'உண்மையானது' என்பது அதன் பொருள். வேரைக் கண்டால் உண்மையைக் கண்டதாகும் என்னும் எண்ணம் அதில் உறைந்திருக்கிறது.

உருமானிய மொழியில் தோட்டத்து ரோசாவின் பெயர் 'திரந்தாபிர்'. முப்பது இதழ் என்னும் கிரேக்கச் சொல்லின் திரிபு அது. வேலியோரம் ஐந்தே இதழோடு பூக்கும் காட்டு ரோசாவையோ 'மச்செஷ்' என்கின்றனர். அதன் வேர் எதுவென்பதில் அறிஞர் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. அதனால் அச்சொல் பொருளிழந்துவிட்டதா? அதன் சிவந்த கனிகளைக் காய்ச்சிக் குடிக்கும் கிராமத்தாரிடம் கேட்டால் சிரிப்பார்கள்.

அவ்வளவு தொலைவு போவானேன்? ஆறுகள் கூடும் இடமாதலின் கூடலூர் எனப்பட்டதே இன்று கடலூர் ஆகியுள்ளது என்பர். ஆங்கிலத்தில் ஊர்ப்பெயரை எழுதும் முறையில் அந்தக் கூடலின் உகரம் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆயினும் 2004 டிசம்பர் 26 அன்று கடல் குப்பங்களுக்குள் புகுந்து மனிதரை வாரிச் சென்றபின், 'கடலூர் என்பது பிழையான பெயர்' என்று அங்கு நின்று சொல்ல யாருக்கு மனம் வரும்? சிதம்பரத்தின் கதையும் அத்தகையதே. சிற்றம்பலம், அதாவது சிறிய மன்று, என்பதே மூலம் என்பர் ஒரு சாரார். சித் அம்பரம், அறிவு வெளி, என்பர் மற்றொரு சாரார். அதற்கும் முந்திய பெயராகிய தில்லை, பால் பட்டால் கொப்புளிக்கும், கண்ணில் தெறித்தால் பார்வையைக் கெடுக்கும் ஒரு மரத்தினுடையது. தில்லைவனம் என்று பேர்பெற்ற ஊர் அது. இன்று அம்மரத்தைக் காண விரும்புவோர் கிழக்கே பிச்சாவரத்து உப்பங்கழிகளுக்குப் படகேறிப் போகவேண்டும். மரம் விலகிப் போயிற்று. பெயர் வழிபாட்டில் நிலைத்துவிட்டது.

வேர்தேடல் இவ்வளவில் நின்றால் இனிய பொழுதுபோக்கு. அது வழக்குமன்றமாக மாறும்போதுதான் தீங்கு நேர்கிறது.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே பரங்கிப்பேட்டை இருக்கிறது. போர்த்துக்கீசியர் அதற்கிட்ட பெயர் போர்த்தோ நோவோ, புதிய துறைமுகம். நம்மவர்களோ அவர்களைப் பரங்கியர் என்றனர். பிராங்கு என்னும் ஐரோப்பிய இனத்தின் பெயர் அரபு, பாரசீகம் வழியே நடந்து வந்து, இங்கே தீண்டத்தகாத அயலானைச் சுட்டும் வசையாயிற்று. திருமுழுக்குப் பெறுவதையே 'பரங்கிக் குலத்தில் சேர்தல்' என்று பேசிய காலம் அது. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, தாம் பரங்கி அல்லர் என்று ஊரறியச் சொல்ல நேர்ந்தது அதனால்தான். ஒரு சொல் எத்தனை ஆன்மாக்களுக்கு முன் மதிலாய் நின்றதோ! அதே சொல் அடுக்களையில் பரங்கிக்காயாகிக் குழம்பில் கொதிக்கிறது. அங்கே அதை யாரும் தீட்டென்று ஒதுக்குவதில்லை.

'உன் சொல் அயலது. ஆகவே நீயும் அயலான்' என்னும் வாதத்தில் முதற்பகுதி பல வேளைகளில் மெய். மறைக்கத் தேவையில்லை, மறைப்பது நேர்மையுமன்று. ஆனால் இரண்டாம் பகுதி அதிலிருந்து பிறப்பதே இல்லை. சொல்லுக்கு வேர் ஒன்றாயினும் வாழ்வு பலவாகும். பாதிரிப்புலியூர் என்ற பெயரையே நோக்குக: ஒரு காலத்தில் சமணரின் புகழ்பெற்ற பள்ளி அங்கிருந்தது, கி.பி. 458இல் சர்வநந்தி 'லோகவிபாகம்' என்னும் நூலை நிறைவு செய்த பாடலிகை அவ்வூரே என ஆய்வாளர் கருதுவர். அந்தப் பள்ளியில் சேர்ந்த அப்பர் பின்னர்ச் சைவராகி அத்தலத்து இறைவனைப் பாடினார். ஒரு மரத்தின் பெயரை இரு சமயத்தாரும் தமதென்றே சொல்லி வாழ்ந்திருக்கின்றனர்.

இந்தக் குற்றம் பிறர் வீட்டில் மட்டும் நிகழ்வதன்று. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962–65) பின் நம் மன்றாட்டுகளின் தமிழ் மாறியது. சர்வேசுரன் இறைவனானார், ஞானஸ்நானம் திருமுழுக்காயிற்று, பூசை திருப்பலியாயிற்று. இம்மாற்றம் வேண்டியதே என்பது என் கருத்து. மக்களுக்கு விளங்கும் மொழியில் வழிபாடு அமைவது அவர்களின் உரிமை. ஆயினும் பழைய சொற்கள் வடமொழி வேர் உடையவை, ஆதலால் போலி என்று சிலர் இகழ்ந்தபோது, முதியோர் பலரின் உள்ளம் புண்பட்டது. தாயின் மரணப் படுக்கையருகே முழந்தாளிட்டு 'சர்வேசுரா' என்று அழுதவருக்கு அச்சொல்லின் வேரா நினைவுக்கு வரும்? புதுச்சொல்லைக் கற்பிக்கப் பழஞ்சொல்லைப் பழிக்க வேண்டியதில்லை. இவ்வளவு சிறிய பொறுமைகூட அன்று நம்மில் பலருக்கு வாய்க்கவில்லை.

நம் குருக்களைப் பாதிரியார் என்பது பெரும்பாலும் வெளியார் வழக்கு. நம் வீடுகளில் அவர் சாமி. புதுவழக்கில் அவர் அருள்தந்தை. 'பாத்ரே' என்ற சொல்லைத் தமிழாக்கினால் தந்தை என்பதே மீண்டும் வந்து நிற்பது வேடிக்கைதான். கடலூர்ப் பக்கத்துப் பங்குகளில் திருப்பலிக்கு முன் 'அருள்தந்தை அவர்கள்' என்று அறிவிக்கப்படுபவர், பூசை முடிந்து வாசலுக்கு வந்ததும் பாட்டிமாருக்குச் சாமியாகிவிடுகிறார். தெருவில் வழிகேட்கும் பிற சமய அன்பர் 'பாதிரியார் வீடு எது?' என்கிறார். தமிழ், வடமொழி, போர்த்துக்கீசியம் என மூன்று வேர்கள். எதைச் சொல்லி அழைத்தாலும் அவர் திரும்பிப் பார்க்கிறார்.