பெயர்களை மிதித்து நடத்தல்

துயரம் நிகழ்ந்த ஓர் ஊருக்கு மகிழ்ச்சிக்காகப் போகலாமா? போனால் அங்கே சிரிக்கலாமா? படம் எடுத்துக்கொள்ளலாமா? மேலோட்டமாகப் பார்த்தால் இவை ஒழுங்கு, மரியாதை சம்பந்தமான சிறிய கேள்விகள். ஆனால் இவற்றைத் தொடர்ந்து போனால் இன்னொரு கேள்வியில் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. பிறருடைய துயரத்தை நினைவில் வைத்திருக்கும் கடமை யாருடையது?

இந்தக் கேள்வி எனக்கு நூல்களின் வழியாக வந்ததல்ல. ஜேர்மனியின் லைப்சிக் நகரில் பட்டப்பின்படிப்புக்காகத் தங்கியிருந்த காலத்தில், 2007ஆம் ஆண்டின் ஒரு வார இறுதியில், நண்பர்கள் ஐவர் பேர்லினுக்குப் போனோம். ஒருவர் துருக்கி, ஒருவர் இந்தோனேசியா, ஒருவர் போலந்து. ஜேர்மன் மாணவி ஒருவர். புத்தளத்திலிருந்து நான். அப்போது வார இறுதிச் சீட்டு என்று ஒன்று இருந்தது. ஐந்து பேர் வரை சேர்ந்து ஒரே சீட்டில், வேகம் குறைந்த பிராந்திய ரயில்களில், ஒரு நாள் முழுவதும் நாட்டின் எந்த மூலைக்கும் போகலாம். 2019இல் அதை நிறுத்திவிட்டார்கள். சனிக்கிழமை போவதற்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமை திரும்புவதற்கு ஒன்று என வாங்கிக்கொண்டோம். ஐவராகப் பங்கிட்டபோது செலவு மிகச் சொற்பம். மாணவர்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? பாணும் சீஸும் பையில் இருந்தன. வழி நெடுகச் சிரிப்பும் கதையுமாகப் போனோம்.

பிராண்டன்பேர்க் வாயிலிலிருந்து தெற்கே சிறிது தூரம் நடந்தால், கொல்லப்பட்ட ஐரோப்பிய யூதர்களுக்கான நினைவிடம் வருகிறது. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பீற்றர் ஐசன்மன் வடிவமைத்தது. 2005 மே மாதத்தில் திறக்கப்பட்டது. சுமார் 19,000 சதுர மீற்றர் நிலத்தில் 2,711 கொங்கிரீட் பாளங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அவற்றில் பெயரில்லை, எழுத்தில்லை. ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு இருப்பவை, உள்ளே போகப் போக ஆளைவிட உயர்ந்துவிடும். வாசல் என்று ஒன்றும் கிடையாது. வீதியிலிருந்து நேரே உள்ளே இறங்கிவிடலாம்.

எங்களில் இளையவரான இந்தோனேசிய நண்பர் ஒரு பாளத்தின் மீது ஏறி, அடுத்ததற்குத் தாவினார். அங்கே வேறு பிள்ளைகளும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். காவலர் ஒருவர் வந்து இறங்கச் சொன்னார். ஜேர்மன் மாணவியின் முகம் சிவந்துவிட்டது.

"இது என்ன இடமென்று உனக்குத் தெரியாதா?" என்றார் அவர்.

"தெரியும். ஆனால் இங்கே ஒருவரும் அடக்கப்பட்டிருக்கவில்லையே!"

எல்லோரும் போலந்து நண்பரைப் பார்த்தோம். ஆறு பிரதான கொலை முகாம்களும் இருந்தது அவருடைய நாட்டின் இன்றைய எல்லைக்குள்தான். கோபப்பட வேண்டியவர் அவர்தான் என்று எண்ணினோம். அவரோ அமைதியாக, "நீ அவனிடம் கோபிக்கிறாய். அங்கே அந்தக் கல்லில் சாய்ந்து துக்க முகத்தோடு தன்னைத்தானே படம் எடுக்கிறாரே, அவரிடம் ஏன் கோபம் வரவில்லை?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அன்று யாரும் பதில் சொல்லவில்லை. எனினும், இந்த விவாதம் எங்களோடு முடிந்துபோன ஒன்றல்ல. 2017 ஜனவரியில் ஷஹக் ஷபிரா என்ற கலைஞர், இதே நினைவிடத்தில் துள்ளியும் சிரித்தும் பலர் எடுத்து வெளியிட்டிருந்த படங்களை எடுத்து, அவற்றின் பின்னணியில் வதைமுகாம்களின் உண்மைப் படங்களைப் பொருத்தி இணையத்தில் இட்டார். பார்த்தவர்கள் அதிர்ந்துபோனார்கள். படத்தில் இருந்தவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். அவரும் சில நாட்களில் அவற்றை அகற்றிவிட்டார். ஆனால் நினைவிடத்தை வடிவமைத்த ஐசன்மன் அந்தச் செயலை ஏற்கவில்லை. இது புதைகுழியல்ல, இதன் கீழே எவரும் இல்லை, மக்கள் நடமாடும் அன்றாட இடமாகவே இதைத் தாம் எண்ணியதாக அவர் கூறினார்.

இரு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. மரியாதை இல்லாத நினைவு விரைவில் வெறும் காட்சிப்பொருளாகிவிடும் என்பது ஒரு பக்கம். அன்றாடத்திலிருந்து பிரித்து வைக்கப்பட்ட நினைவு வருடத்துக்கு ஒருமுறை மாலை போடும் சடங்காகிவிடும் என்பது மறுபக்கம். நமது மையவாடிகளிலும்தான் ஆடுகள் மேய்கின்றன, பிள்ளைகள் குறுக்கே ஓடுகிறார்கள். அதனால் இறந்தவர்களை நாம் மறந்துவிட்டோம் என்று ஆகாது. ஆகவே சிரிப்பைக் குற்றமென்றும் துக்க முகத்தைப் புண்ணியமென்றும் பிரித்துவிட முடியாது. தாவியவரும் சரி, துக்க முகத்தோடு படம் எடுத்தவரும் சரி, அந்த இடத்தைத் தமக்கொரு பின்திரையாக்கிக்கொண்டவர்கள்தாம். தவறு என்று ஒன்று இருக்குமானால் அது அங்கேதான் இருக்கிறது. இடம் நம்மிடம் எதையோ கேட்கிறது. நாமோ நம்மையே பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

அப்படியானால் அது கேட்பது என்ன? அதற்கான விடை எனக்குப் பெரிய நினைவிடத்தில் கிடைக்கவில்லை. நடைபாதையில்தான் கிடைத்தது.

பேர்லினின் பழைய குடியிருப்புகளின் வாசலில், நடைபாதைக் கற்களுக்கு இடையே, பத்துச் சென்ரிமீற்றர் நீளமும் அகலமும் கொண்ட சிறிய பித்தளைத் தகடுகள் பதிந்திருக்கின்றன. அவற்றை இடறுகற்கள் என்று அழைக்கிறார்கள். குன்டர் டெம்னிக் என்ற கலைஞர் தொடங்கிய வேலை இது. 1996இல் பேர்லினின் குறொய்ஸ்பேர்க் பகுதியில் அனுமதி இல்லாமலேயே அவர் சில கற்களைப் பதித்தார். பிறகுதான் அனுமதி கிடைத்தது. 2023 மே மாதத்தில் நியூரம்பேர்க் நகரில் ஓர் இலட்சமாவது கல் பதிக்கப்பட்டது. "இங்கு வாழ்ந்தவர்" என்று கல் தொடங்கும். பிறகு பெயர், பிறந்த ஆண்டு, கொண்டு செல்லப்பட்ட நாள், கொல்லப்பட்ட இடம். அவ்வளவுதான். அந்த மனிதர் தாமாக விரும்பிக் கடைசியாக வாழ்ந்த வீட்டின் வாசல் அது.

நிலத்தில் எழுத்து எழுதிய கடதாசி கிடந்தால் அதை மிதிக்காமல் எடுத்து ஓரமாக வைக்கும் பழக்கத்தில் வளர்ந்தவன் நான். ஒரு மனிதரின் பெயர் காலடியில் கிடப்பதைக் கண்டதும் என் கால் தானாகவே விலகியது. இது என்னுடைய தனிப்பட்ட கூச்சம் மட்டுமல்ல என்று பிறகு அறிந்தேன். மியூனிக் நகரசபை 2004இல் பொது நடைபாதைகளில் இக்கற்களைப் பதிக்க மறுத்தது. 2015இலும் அதே முடிவை எடுத்தது. அந்நகர யூத சமூகத்தின் தலைவி சார்லொட் க்னொப்லொக், இனவாத வெறியிலிருந்து சிறுமியாக ஒளிந்திருந்து தப்பியவர். கொல்லப்பட்டவர்களின் பெயர்கள் மீண்டும் காலால் மிதிபடக்கூடாது என்பது அவருடைய வாதம். அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. அங்கே சுவர்களிலும் தூண்களிலும் பெயர்களைப் பொறிக்கும் வேறு வழியைக் கைக்கொண்டார்கள்.

டெம்னிக்கின் பதில் வேறு. கல்லில் உள்ளதை வாசிக்க வேண்டுமென்றால் தலை குனிய வேண்டும் என்கிறார் அவர். இரண்டு வாதங்களும் மரியாதையிலிருந்தே பிறக்கின்றன. ஒன்று பெயரை உயர்த்தி வைக்கிறது. மற்றது பார்ப்பவரைக் குனிய வைக்கிறது.

ஆனால் எது உயரத்தில் இருக்கிறது என்பதைவிட, யார் பதிக்கிறார்கள் என்பதே என் மனதைத் தொட்டது. சில கற்களை உறவினர்கள் கேட்டுப் பதிக்கிறார்கள். அதேநேரம் பல கற்களை இன்று அந்த வீட்டில் குடியிருப்பவர்களும் அத்தெருவின் அயலவர்களும் பாடசாலை மாணவர்களுமே பதிக்கிறார்கள். பித்தளை கறுத்துப் போகாமல் இருக்க, நவம்பர் 9, ஜனவரி 27 போன்ற நாட்களில் வந்து குந்தியிருந்து துடைக்கிறார்கள். துடைப்பவருக்கும் அந்தப் பெயருக்கும் இரத்த உறவு இல்லை. ஒரே படிக்கட்டில் ஏறுகிறார்கள் என்பதுதான் உறவு.

ஞாயிற்றுக்கிழமை திரும்பும் முன் குறூனவால்ட் புகையிரத நிலையத்திற்குப் போனோம். அதன் 17ஆம் மேடையிலிருந்து இப்போது ரயில்கள் புறப்படுவதில்லை. மேடையின் விளிம்பு நெடுக 186 உருக்குத் தகடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு திகதி, ஒரு எண்ணிக்கை, போன இடம். பேர்லினிலிருந்து யூதர்களை ஏற்றிய முதல் ரயில் 1941 ஒக்டோபர் 18இல் இந்நிலையத்திலிருந்துதான் புறப்பட்டது. அன்று ரயில்வே அந்தப் பயணங்களுக்கும் கட்டணம் அறவிட்டது. மூன்றாம் வகுப்புக் கட்டணம், பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அரைவாசி, நானூறு பேருக்கு மேல் ஏற்றினால் கூட்டமாகப் போவோருக்கான கழிவு. உல்லாசப் பயணக் கூட்டங்களுக்கு இருந்த அதே கணக்கு. ஐவருக்கு ஒரு சீட்டை வைத்திருந்த நாங்கள் அந்த மேடையில் நீண்ட நேரம் கதைக்கவில்லை. அந்தக் கட்டணத்தைக் கணக்கிட்ட எழுதுவினைஞர் ஒருவர் இருந்திருப்பார். அவர் எவரையும் அடித்திருக்கமாட்டார். மாலையில் வீடு திரும்பும்போது அயல்வீட்டு யன்னலில் விளக்கு எரியாததைக் கண்டிருப்பார்.

இங்கேதான் என் ஊர் எனக்கு நினைவில் வந்தது. புத்தளத்தில் நான் படித்த வகுப்பில் பாதிப்பேர் வடக்கிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு அதற்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். சோனகத் தெருவில் தம் வீட்டின் கதவு எந்த நிறம், கிணறு எந்தப் பக்கம் என்று என் வகுப்புத் தோழர்கள் கண்டவர்கள் போலச் சொல்வார்கள். அவர்களுக்கு அது நேரடியாக நினைவில் இல்லை. உம்மாமார் சொல்லிக் கேட்டது.

இரண்டையும் ஒப்பிடுகிறேன் என்று எவரும் எண்ணவேண்டாம். அறுபது இலட்சம் பேரின் கொலையும் ஒரு மக்கள் கூட்டத்தின் வெளியேற்றமும் ஒன்றல்ல. துயரங்களை ஒன்றுக்கொன்று தராசில் வைப்பதே ஒருவகை அநீதி. நான் ஒப்பிடுவது துயரத்தை அல்ல, அதற்குப் பின் அயலவருக்கு விழும் கடமையை. அந்தத் தெருவில் "இங்கு வாழ்ந்தவர்" என்று ஒரு கல் வைப்பதாயின் அதை வைக்க வேண்டியவர் யார்? போனவர் வந்து வைத்தால் அது முறைப்பாடு. இருந்தவர் வைத்தால்தான் அது ஒப்புக்கொள்ளல்.

இதைச் சொல்லும் வாய் அடுத்ததையும் சொல்ல வேண்டும். அதே 1990இல் கிழக்கில் தமிழ்க் குடும்பங்களும் முஸ்லிம் அயலவர் நடுவிலிருந்து கொலைக்கும் தீக்கும் அஞ்சி ஓடின. அந்த வளவுகளின் வாசலில் கல் வைக்க வேண்டியவர்கள் நாம். காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுகையில் கொல்லப்பட்டவர்களை ஆண்டுதோறும் ஓகஸ்ட் மாதத்தில் நாம் நினைக்கிறோம், நினைக்கத்தான் வேண்டும். ஆனால் தன் இறந்தவரை நினைப்பதற்கு ஒழுக்கம் தேவையில்லை, அன்பு போதும். அயலவரின் இறந்தவரை நினைப்பதற்குத்தான் ஒழுக்கம் வேண்டும்.

இது நடக்கக்கூடியதா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. பேர்லினின் பெபெல் சதுக்கத்தில், 1933 மே 10இல் சுமார் 20,000 நூல்களை நாஸி மாணவர்கள் எரித்தார்கள். எரித்தவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள் என்பதை அங்கு நின்ற மாணவர்களாகிய நாங்கள் கவனியாதிருக்க முடியவில்லை. இன்று அங்கே நிலத்தின் கீழ், கண்ணாடி வழியாக, வெறும் தட்டுகளைக் கொண்ட வெள்ளை நூலகம் ஒன்று தெரிகிறது. மிஹா உல்மன் என்ற சிற்பி 1995இல் அமைத்தது. அருகில் பதித்த தகட்டில் ஹைன்றிஹ் ஹைனவின் ஒரு வரி இருக்கிறது. நூலை எரிப்பது எங்கே போய் முடியும் என்பது பற்றிய வரி அது. 1823இல் வெளியான அல்மன்சோர் என்ற நாடகத்தில் அந்த வரியைச் சொல்பவர் ஒரு முஸ்லிம் பாத்திரம். அவர் பேசுவது கிரனாடாவில் குர்ஆன் எரிக்கப்பட்டதைக் குறித்து. எழுதியவர் யூதக் குடும்பத்தில் பிறந்த ஜேர்மன் கவிஞர். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் பிறிதொரு சமயத்தாருக்கு நேர்ந்ததை அவர் தன் துயரமாக எடுத்துக்கொண்டார். 1933இல் எரிந்த நூல்களில் அவருடையவையும் இருந்தன.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது சாம்பலானவை சுமார் 97,000 நூல்கள் என்பார்கள். அதை நாம் எவ்வளவு தூரம் நம்முடைய இழப்பாக எண்ணினோம்? 2014இல் அளுத்கமையிலும் 2018இல் திகனையிலும் நமது கடைகளும் வீடுகளும் எரிந்தபோது எந்த அயலவர்கள் கதவைத் திறந்தார்கள், எவர்கள் மூடினார்கள்? இவற்றை எழுதி வைப்பதும் நினைவின் வேலைதான். திறந்தவர்களின் பெயரும் அதில் இருக்க வேண்டும்.

எனவே துயரம் நிகழ்ந்த ஊருக்கு மகிழ்ச்சிக்காகப் போகலாம். இளைஞர்கள் போகட்டும், சிரிக்கட்டும், கபாப் சாப்பிடட்டும். துயரம் நிகழாத ஊரென்று தேடினால் போவதற்கு ஓர் ஊரும் மிஞ்சாது. ஆனால் காலடியில் ஒரு பெயர் தென்பட்டால் நின்று அதை வாசிக்க வேண்டும். வாசித்த பின், தன் தெருவில் யாருடைய பெயர் இன்னும் எழுதப்படாமல் இருக்கிறது என்று தேடிப்பார்க்க வேண்டும். நம் ஊர்களில் அந்தத் தேடலை ஒரு பாடசாலை, ஒரு வாசிகசாலை, ஒரு பள்ளிவாசல் நிர்வாகம் தொடங்கலாம். வளவு யாருடையது, அவர்கள் எப்போது போனார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டு எழுத ஒரு கொப்பி போதும். அந்த வீடுகளை அறிந்த முதியவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள்.