தாலிக்கு எத்தனை பவுன்?



பெருந்துறைப் பக்கம் கல்யாணப் பேச்சு நடக்கும் வீடுகளில் ஒரு பேச்சு தவறாமல் வரும். "நாங்க எதுவும் கேக்கலைங்க, உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்க." காதுக்கு இதமான பேச்சுதான். ஆனால் பெண்ணைப் பெற்றவருக்கு அன்று இரவு உறக்கம் வராது. அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு எத்தனை பவுன் போட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும், மாப்பிள்ளை வீட்டாருக்கும் தெரியும். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961ஆம் ஆண்டே வந்துவிட்டது. வாய் திறந்து கேட்காமலே வாங்கிக்கொள்ளும் இந்த வித்தையைச் சட்டம் எங்கே போய்ப் பிடிக்கும்?

நகை ஆசை இந்த மண்ணுக்குப் புதிதன்று. பெருந்துறை வட்டத்திலேயே, நொய்யல் ஆற்றங்கரையில் கொடுமணல் இருக்கிறது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்மணி அறுத்து, பட்டை தீட்டி, துளையிட்ட ஊர். பதிற்றுப்பத்து அதைக் கொடுமணம் என்று பேர் சொல்லிப் பேசுகிறது. அங்கே தோண்டிய ஒரு ஈமக்குழியில் மட்டும் 2,000க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. வாழ்ந்தவர் மண்ணோடு மண்ணாகிப் போனார், மணிகள் நிறம் மங்காமல் கிடந்தன.

அந்தக் காலத்தில் கொங்கு நாட்டுக் கற்களை விரும்பி வாங்கிய தேசம் ரோம். அங்கே பெண்ணை உறுதி செய்யும்போது மாப்பிள்ளை கொடுத்தது கல் பதிக்காத வெறும் இரும்பு மோதிரம் என்று பிளினி என்பவர் எழுதி வைத்திருக்கிறார். இன்று நிச்சயதார்த்த மேடையில் மாற்றிக்கொள்ளும் தங்க மோதிரத்துக்குப் பாட்டன் அந்த இரும்பு வளையம்தான். நம் பக்கத்திலும் மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கோத்துக் கட்டினால் அது தாலிதான். அந்தத் தாலி செல்லாது என்று எந்தப் பெரியவரும் சொன்னதில்லை.

அப்படியென்றால் பொன் அணிவதே பிழையா? அய்யாவின் அன்புக்கொடி மக்கள் இதற்குச் சட்டென்று ஆம் என்று சொல்லிவிட முடியாது. காரணம், திருவிதாங்கூரில் அவர்களுடைய முன்னோர் பட்ட பாடு. சான்றோர் குலப் பெண்கள் பொன் நகை அணியக் கூடாது, மேலாடை போடக் கூடாது, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துச் சுமக்கவும் கூடாது. தலைக்கு வரி இருந்தது. தாலிக்கும் ஆயம் வாங்கினார்கள் என்பதை அகிலத்திரட்டு அம்மானை சொல்லி அழுகிறது. கழுத்தில் கிடந்த தாலியைப் பார்த்து, இதற்கு என்ன தருகிறாய் என்று கேட்டான் நீசன்.

மலையாள நாட்டில் பந்தளத்தில் மூக்குத்தி போட்டு வந்த ஒரு பெண்ணின் மூக்கிலிருந்து அதைப் பிடுங்கி எறிந்தார்கள். செய்தி கேட்ட ஆறாட்டுப்புழா வேலாயுதப் பணிக்கர் பொன் மூக்குத்திகள் செய்துகொண்டு போய்ப் பெண்களுக்குக் கொடுத்துப் போட வைத்தார். 1915ஆம் ஆண்டு கொல்லத்தில் நடந்ததோ இதற்கு நேர்மாறானது. கல்லுமாலைதான் அணியலாம் என்று விதிக்கப்பட்டிருந்த புலையர் குலப் பெண்கள், அய்யன்காளியின் சொல் கேட்டு, கூட்டத்தின் நடுவே அந்த மாலைகளை அறுத்துக் குவித்தார்கள். ஓரிடத்தில் நகையைப் போட்டார்கள், ஓரிடத்தில் கழற்றி எறிந்தார்கள். என் உடம்பில் எது கிடக்க வேண்டும் என்று நீ யார் சொல்ல என்பதுதான் இரண்டு இடத்திலும் கேட்ட கேள்வி.

அந்தக் கேள்வியை இன்று மணப்பெண் கேட்டால் என்ன பதில் இருக்கிறது? அன்று தாலியைக் காட்டிப் பணம் கேட்டவன் அரண்மனை ஆயக்காரன். இன்று கேட்பவர் சொந்தக்காரர், நெற்றியில் திருநாமமும் இட்டிருக்கிறார். பொன் பெண்ணுக்குப் பாதுகாப்பு, நாளை ஒரு நோய் நொடி என்றால் அடகு வைக்க உதவும் என்பார்கள். உண்மைதான். பிள்ளையின் படிப்புக்கு வளையலைக் கழற்றிக் கொடுத்த தாய்மார் எத்தனையோ பேர். ஆனால் அந்த நகைப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்றும் விசாரிக்க வேண்டும். மாமியார் பீரோவில் பூட்டிக் கிடப்பது எப்படி அவளுக்குப் பாதுகாப்பு?

தமிழ்நாடு அரசும் ஏழைப் பெண்களின் தாலிக்கு 2011 முதல் 4 கிராம், 2016 முதல் 8 கிராம் என்று தங்கம் கொடுத்து வந்தது. 2022இல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரிலான அந்தத் திட்டத்தை மாற்றி, அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரியில் படிக்க மாதம் 1,000 ரூபாய் என்று ஆக்கியது. தாலித் தங்கம் போயிற்றே என்று வருந்தியவர்களும் உண்டு.

அய்யா வைகுண்டர் காணிக்கை வேண்டாம் என்றார். மண் சுமந்த ஆணைத் தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நிற்கச் சொன்னார். பதியிலும் நிழல் தாங்கலிலும் பள்ளியறையில் இருப்பது கண்ணாடி. பணிவிடை நேரத்தில் முப்பது பவுன் போட்ட மருமகளும் அதன் முன் நிற்கிறாள், மஞ்சள் கயிறு மட்டும் கட்டிய மருமகளும் நிற்கிறாள். இருவருக்கும் அதில் தெரிவது முகமும் நாமமும்.