தாங்கிக்கொள்பவள்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரிக் கருத்தரங்கக் கூடத்தில் 'எ வாக் டு பியூட்டிஃபுல்' என்ற ஆவணப்படத்தைத் திரையிட்டேன். அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாளில், 'துயரத்தை வென்ற எத்தியோப்பியப் பெண்கள்' என்று என் கையாலேயே எழுதியிருந்தேன். அந்த வரியை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. அந்தக் கூச்சம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

மேரி ஆலிவ் ஸ்மித் 2007இல் இயக்கிய படம் அது. எத்தியோப்பியாவின் மலைக்கிராமங்களிலிருந்து அடிஸ் அபாபாவிலுள்ள ஃபிஸ்டுலா மருத்துவமனைக்குப் புறப்படும் ஐந்து பெண்களைப் பின்தொடர்கிறது. சிறுவயதிலேயே மணமுடிக்கப்பட்டு, இடுப்பெலும்பு விரிந்து வளரும் முன்பே கருவுற்றவர்களும் அவர்களில் உண்டு. பிரசவம் நாள்கணக்கில் நீள்கிறது. குழந்தையின் தலை வெளியே வர வழியின்றி அழுத்திக்கொண்டேயிருக்க, சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் இடையிலுள்ள தசைக்கு ரத்தம் போவது நின்றுவிடுகிறது. தசை செத்து, அங்கே ஓட்டை விழுகிறது. பெரும்பாலும் குழந்தை இறந்தே பிறக்கும். அதன்பின் அந்தப் பெண்ணிடமிருந்து சிறுநீர் ஒழுகிக்கொண்டே இருக்கும். நாற்றம் தாளாமல் கணவன் விலகுவான், ஊர் விலகும். படத்தில் வரும் ஒரு பெண், தன் தாய் வீட்டின் பின்சுவரை ஒட்டிய சிறு சாய்ப்பில் ஆண்டுக்கணக்கில் தனியாக வாழ்கிறாள். பிறகு ஒருநாள் மணிக்கணக்காக நடந்து சாலையை அடைந்து, பேருந்தேறி, தன்னைப் போன்ற பெண்கள் படுக்கை படுக்கையாக இருக்கும் அந்த மருத்துவமனைக்குள் நுழைகிறாள். ஊரில் தனக்கு மட்டும் வந்த சாபம் என்று அவள் நினைத்திருந்தது அங்கே வார்டு முழுக்க இருக்கிறது. குணமாகித் திரும்புகிறவர்களுக்கு மருத்துவமனை ஒரு புது உடை கொடுத்து அனுப்புகிறது.

அந்தப் புது உடைக் காட்சியில் என் மாணவிகள் அழுதார்கள். நானும் அழுதேன். "என்ன ஒரு மனவலிமை, மேடம்!" என்றாள் ஒருத்தி. அன்றிரவே ஒரு கவிதை எழுதினேன். ஒழுகும் உடலை நதியாக்கி, நடக்கும் கால்களை மலையாக்கி, கடைசியில் அந்தப் புது உடையை ஒரு கொடியாகப் பறக்கவிட்டிருந்தேன். இரண்டு கூட்டங்களில் வாசித்தேன். நல்ல கைதட்டல்.

கூடத்தைப் பூட்ட வந்த ஆயா அக்கா அன்றைக்குக் கதவோரம் நின்று கடைசி அரைமணி நேரத்தைப் பார்த்திருந்தார். மாணவிகள் போன பிறகு கேட்டார்: "ஆபரேஷன் பண்ணா சரியாயிடுதா மேடம் அது?"

"பெரும்பாலும் சரியாயிடும்க்கா."

"அப்ப வலி வந்தப்பவே வயித்தைக் கீறி எடுத்திருந்தா இது வந்தேயிருக்காதுல்ல?"

வந்திருக்காதுதான். உரிய நேரத்தில் அறுவைப் பிரசவம் நடந்திருந்தால் அந்த ஓட்டை விழுந்திருக்காது. குழந்தையும் பிழைத்திருக்கக்கூடும். ஊருக்குப் பக்கத்தில் சாலை, சாலையில் ஒரு வண்டி, வண்டி போய்ச் சேரும் இடத்தில் மருத்துவர். அதற்கும் முன்னால், அந்தச் சிறுமியை அந்த வயதில் கட்டிக்கொடுக்காமல் இருந்திருக்க வேண்டும். நானும் என் மாணவிகளும் அவளுடைய மனவலிமையைப் பார்த்துக்கொண்டிருந்த அரைமணி நேரத்தில், அக்கா இல்லாத சாலையைப் பார்த்திருக்கிறார்.

தாங்குதிறனைப் போற்றுவதில் அப்படி என்ன தவறு என்று கேட்கலாம். தாங்குகிறவளை வியப்பது அவளுக்குச் செய்யும் மரியாதை இல்லையா? ஆனால் வியப்பு பார்க்கிறவருக்கும் ஒன்றைச் செய்கிறது. அவள் தாங்கிவிட்டாள், எனவே அது தாங்கக்கூடியதுதான் என்ற நிம்மதியைத் தருகிறது. சுமையை ஏற்றியவர் யார் என்ற கேள்வி அந்த நிம்மதிக்குள் கரைந்துபோகிறது. பொறுமையில் பூமாதேவி என்று ஒரு பெண்ணைச் சொல்லிவிட்டால் அவள் தலையிலிருந்து எதையும் இறக்கிவைக்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டின் பழைய பாதையோரங்களில் சுமைதாங்கிக் கற்கள் உண்டு. இரண்டு கல் நிறுத்தி மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு நடக்கிறவர் குனியாமல் அதில் சுமையை இறக்கி இளைப்பாறலாம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக அதை நிறுத்துவது வழக்கம். இறக்க முடியாமல் போன சுமைக்கு ஈடாக ஊரார் சுமையை இறக்க ஒரு கல். அழகான மரபு என்றுதான் வகுப்பில் சொல்லிவந்தேன். செத்த பிறகும் அவளைத் தாங்கச் சொல்கிறோமே என்று ஒருமுறைகூட எனக்குத் தோன்றியதில்லை.

மனவலிமையே காட்டாத படம் நேர்மையானதாக இருக்குமோ என்று நினைத்து, ஹூபர்ட் சாப்பரின் 'டார்வின்ஸ் நைட்மேர்' (2004) பார்த்தேன். தான்சானியாவின் ம்வான்சா நகரம், விக்டோரியா ஏரி. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அந்த ஏரியில் விடப்பட்ட நைல் பெர்ச் மீன் அங்கேயே பிறந்து வளர்ந்த எத்தனையோ மீனினங்களைத் தின்று அழித்தது. அதன் சதைத்துண்டுகள் சரக்கு விமானங்களில் ஐரோப்பாவுக்குப் போகின்றன. தலையும் முள்ளும் உள்ளூர்க்காரர்களுக்கு. புழு நெளியும் மீன்முட்களை வெயிலில் காயவைக்கிற இடத்தில், அழுகலின் அம்மோனியா கண்ணைத் தின்ன வேலை செய்கிறார்கள் பெண்கள். விமானிகளிடம் வரும் ஒரு பாலியல் தொழிலாளி தன் நாட்டைப் பற்றி ஒரு பாட்டுப் பாடுகிறாள். படம் முடிவதற்குள் ஒரு வாடிக்கையாளன் அவளைக் கொன்றுவிடுகிறான்.

இந்தப் படம் யாரையும் ஆறுதல்படுத்தவில்லை. லாபம் எங்கே போகிறது என்று காட்டுகிறது. அதற்காகவே அதை மதிக்கிறேன். 2006இல் அப்போதைய அதிபர் கிக்வெட்டே, நாட்டின் பெயரைக் கெடுக்கிறது என்று படத்தைக் கண்டித்தார். ஆட்சியிலிருப்பவர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று தள்ளிவிடலாம். ஆனாலும் படம் பார்த்து முடித்தபோது எனக்குள் மிஞ்சியது நரகத்தின் ஒரு படம். அந்த ஊரில் காலையில் எழுந்து தலைவாரிப் பள்ளிக்குப் போகிற பிள்ளை ஒன்றுகூட இல்லையா? வெற்றி பெற்றவள், பலியானவள் என்ற இரண்டு நாற்காலிகளைத் தவிர மூன்றாவது ஒன்றை இப்படங்கள் ஏன் போடுவதில்லை?

கேமராவை அவர்களிடமே கொடுத்துவிட்டால் தீருமா? 'தேங்க் யூ ஃபார் தி ரெய்ன்' (2017) அதைச் செய்தது. நார்வேக்காரரான யூலியா டார், கென்யாவின் உழவர் கிசிலு முஸ்யாவிடம் ஒரு கேமராவைக் கொடுக்கிறார். வறட்சியையும் வெள்ளத்தையும் தன் குடும்பத்தையும் அவரே படமெடுக்கிறார். புயல் வீட்டைச் சிதைத்ததையும் அவரே பதிவுசெய்கிறார். மரம் நடச் சொல்லி ஊர் ஊராகப் போகிறார். 2015இல் பாரிஸ் காலநிலை மாநாடு வரைக்கும் போய், மனம் நொந்து திரும்புகிறார். எனக்கு மிகவும் பிடித்த படம். ஆனால் அவர் கூட்டங்களுக்குப் போகிற நாள்களில் வயலும் பிள்ளைகளும் அவர் மனைவியின் தலையில். படம் அதை மறைக்கவில்லை, மனைவியின் சலிப்பும் அதில் இருக்கிறது. கேமரா வெள்ளைக்காரர் கையிலிருந்து கறுப்பர் கைக்கு மாறியது பெரிய விஷயம்தான். வீட்டுக்குள் அது இன்னும் ஒரு கை மாற வேண்டியிருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகும், தாங்குதிறன் என்பதே பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடிஸ் அபாபா மருத்துவமனையிலேயே அதற்கு மறுப்பு இருக்கிறது. மாமிட்டு கஷே என்ற கிராமத்துப் பெண் 1960களில் இதே காயத்தோடு வந்தவர். கேத்தரின், ரெஜினால்ட் ஹாம்லின் தம்பதியிடம் சிகிச்சை பெற்றார். ஊர் திரும்பாமல் வார்டில் உதவி செய்தார், அறுவைக்கூடத்தில் கருவிகளை எடுத்துக்கொடுத்தார், பிறகு தானே ஃபிஸ்டுலா அறுவைசிகிச்சை செய்யக் கற்றார். மருத்துவக் கல்லூரிப் படிப்பு கிடையாது. மருத்துவர்களுக்கே கற்றுக்கொடுக்கும் அளவுக்கு வளர்ந்தார். அவரை யாரும் வெறுமனே பாராட்டிவிட்டுப் போயிருந்தால் இது நடந்திருக்காது. அவர் கையில் கத்தியைக் கொடுத்தார்கள். என் கவிதை அந்த மலைக்கிராமப் பெண்ணுக்கு என்ன கொடுத்தது என்று யோசித்தேன். அவள் உடலை நான் எடுத்துக்கொண்டேன், கைதட்டலையும் நானே எடுத்துக்கொண்டேன். அவளுக்குத் தமிழ் தெரியாது, என் மீது கோபப்படவும் வழியில்லை. தொகுப்பு அச்சுக்குப் போகும்போது அதை எடுத்துவிட்டேன். நல்ல கவிதை என்று நண்பர்கள் சண்டை போட்டார்கள். கவிதை நன்றாக இருந்ததுதான் எனக்குச் சிக்கல்.

அடுத்த பருவத்தில் லிசா மெர்ட்டனும் ஆலன் டேட்டரும் எடுத்த 'டேக்கிங் ரூட்' (2008) திரையிட்டேன். வாங்காரி மாத்தாய் பற்றிய படம். விறகுக்கும் தண்ணீருக்கும் வெகுதூரம் நடக்க வேண்டியிருக்கிறது என்று கென்யக் கிராமத்துப் பெண்கள் சொன்னதிலிருந்து, 1977இல் பசுமைப் பட்டை இயக்கம் தொடங்குகிறது. நடப்பதைப் போற்றாமல், ஏன் நடக்க வேண்டும் என்று கேட்டு மரக்கன்று நட்ட இயக்கம். 1992இல் அரசியல் கைதிகளின் தாய்மார்கள் நைரோபி உஹுரு பூங்காவில் உண்ணாவிரதம் இருக்கிறார்கள். காவலர்கள் தடியோடு வருகிறார்கள். வயதான அந்தத் தாய்மார்களில் சிலர் உடையைக் களைந்து வெற்று மார்போடு காவலர்கள் முன் நிற்கிறார்கள். தாயின் வயதுடையவள் அப்படி நிற்பது அங்கே சாபம். மாத்தாய் அடிபட்டு நினைவிழக்கிறார். தாய்மார்கள் பக்கத்திலிருந்த தேவாலயத்துக்குள் போய் அங்கிருந்து போராட்டத்தைத் தொடர்கிறார்கள்.

இந்தமுறை அறிவிப்புத் தாளில் படத்தின் பெயர், நேரம், இடம் மட்டும் எழுதியிருந்தேன். அந்தக் காட்சியில் யாரும் அழவில்லை. பின்வரிசையில் ஒரு மாணவி எழுந்து நின்றே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆயா அக்காவை முன்கூட்டியே வரச்சொல்லி ஓரத்து நாற்காலியில் உட்கார வைத்திருந்தேன். மொழி புரியாத இடங்களில் பக்கத்திலிருந்த மாணவி காதில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

விளக்கு போட்டதும் அக்கா கேட்டார்: "அந்தப் பசங்கள விட்டாங்களா மேடம்?"

"பெரும்பாலானவங்கள விட்டாங்கக்கா. உடனே இல்ல. கிட்டத்தட்ட ஒரு வருஷம் இழுத்துச்சு."

"அதுவரைக்கும் அந்தம்மாங்க அந்தக் கோயில்லயேவா இருந்தாங்க?"

"ஆமாக்கா."

"சாப்பாடு யாரு போட்டா?" என்று கேட்டுக்கொண்டே சன்னல்களைச் சாத்தத் தொடங்கினார்.