பேசாத நோயாளிக்கு இரண்டு மருந்துகள்

வயதான நாய்க்கு மூட்டுவலி கண்டுவிட்டால், ரொறன்ரோவில் பல வீடுகளில் இரண்டு வகை மருந்துகள் சேர்ந்துவிடுகின்றன. மிருக வைத்தியர் எழுதிக் கொடுத்த மெலோக்சிகாம் என்ற வலிமருந்து ஒன்று. மஞ்சள் விழுது, மூலிகை மாத்திரை, கஞ்சா எண்ணெய் என்று வீட்டார் தேடி வாங்கியவை மற்றது. இதைப் பற்றி வைத்தியரிடம் பலர் வாய் திறப்பதில்லை. என்னைக் கவலைப்படுத்துவது இந்த மௌனம்தான். மூட்டுவலிக்கென்று விற்கும் சில மூலிகை மாத்திரைகளில் வில்லோ மரப்பட்டை இருக்கிறது. அது அஸ்பிரின் இனத்தைச் சேர்ந்தது. மெலோக்சிகாமோடு சேர்ந்தால் வயிற்றில் புண்ணாகி இரத்தம் கசியலாம். நாய்க்கு அதைச் சொல்லத் தெரியாது.

வீட்டாரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதி மனிதருக்கு மட்டுமே. எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை எல்லாவற்றுக்கும் கைக்காசு போட வேண்டும், அல்லது தனியாகக் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். கையில் பணமில்லாதவர் அடுப்படியில் இருப்பதை நம்புவது இயல்பு.

ஆனால் நம் அடுப்படி மருத்துவம் மதிப்புப் பெற்ற வழி வேறு. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மையத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி மாட்டின் மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு மூன்றையும் அரைத்துப் பூசும் முறையை வகுத்தார். தேசியப் பால்வள வாரியம் அதை நாடெங்கும் கொண்டுசென்றது. அங்கே நோய் இன்னதென்று முதலில் உறுதியாகிறது. பூசிய பிறகு பாலைச் சோதித்துப் பார்க்க முடிகிறது. கற்றாழையின் பெருமையை மட்டும் கடல் கடந்து கொண்டுவந்து, அந்தச் சோதனையை ஊரிலேயே விட்டுவிடக் கூடாது. மாட்டுக்கு ஒத்தது பூனைக்கு ஒக்கும் என்பதற்கும் உறுதியில்லை. மாட்டு மருந்துகளில் தாராளமாகச் சேரும் உள்ளி, பூனையின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். நவீன மருந்துக்கும் இதே விதிதான்: நமக்குச் சாதாரணமான ரைலனோல் ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லப் போதும்.

இன்னொரு சிக்கல் நம் அன்பு. 2012 இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், நொண்டும் நாய்களில் ஒரு பகுதிக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை கொடுத்தார்கள். கால் ஊன்றும் விசையை அளந்த கருவி மாற்றம் எதையும் காட்டாதபோதும், தேறிவிட்டது என்று வீட்டார் பலர் சொன்னார்கள். வைத்தியர்களும் சொன்னார்கள். வலி அப்படியே இருக்க, அதற்கான மருந்து நிறுத்தப்படுவது இப்படித்தான். ஆகவே அளந்து பார்த்தவர்களின் சொல் எனக்கு முக்கியம். 2022 இல் மொன்றியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அதுவரை நடந்த பரிசோதனைகளைத் தொகுத்தார்கள். ஒமேகா-3 சேர்த்த உணவு நாய், பூனையின் மூட்டுவலியைத் தணித்ததற்குச் சான்று இருந்தது. கடை நிறைய விற்கும் குளுக்கோசமின், கொண்ட்ரோயிற்றினுக்கு இல்லை.

நகரில் அக்குபங்சரும் முறையாகக் கற்ற மிருக வைத்தியர்கள் இருக்கிறார்கள். பரிசோதித்து, நோயை அறிந்து, இரண்டு வகைச் சிகிச்சையையும் ஒரே கோப்பில் எழுதி வைப்பவரிடம் போவதில் எனக்கு மறுப்பே இல்லை.

கஞ்சா எண்ணெயில்தான் மௌனம் மிக ஆழம். 2018 அக்டோபர் 17 முதல் கனடாவில் பெரியவர்கள் கஞ்சா வாங்கலாம். ஆனால் விலங்குக்கு அதை எழுதிக் கொடுக்க மிருக வைத்தியருக்குச் சட்டம் இடம் தரவில்லை. எனவே மனிதருக்கு விற்பதை வாங்கி, அளவை ஊகித்துக் கொடுக்கிறார்கள். அதில் ரி.எச்.சி என்ற போதைப்பொருள் இருந்தால் அது நாயைத் தள்ளாட வைக்கும், அறியாமல் சிறுநீர் போக வைக்கும். அந்தக் குப்பியை அடுத்த முறை கிளினிக்குக்குக் கையோடு கொண்டுபோங்கள். எழுதித் தர முடியாவிட்டாலும், அதில் என்ன ஆபத்து, எந்த மருந்தோடு சேரக் கூடாது என்று வைத்தியர் சொல்லலாம்.