மந்தம் என்னும் தீர்ப்பு

ஒரு மாணவன் கரும்பலகையைப் பார்க்கத் தலையைச் சரிக்கிறான். நேராக எழுதியவன் கோடு தவறி எழுதுகிறான். காலையில் தலையிடி என்கிறான், பத்து மணிக்கு விளையாடுகிறான். 'மந்தன்' என்றோ 'பள்ளிக் கள்ளன்' என்றோ சொல்லிவிடுகிறோம். விசாரணைக்கு முன்னே தீர்ப்பளிக்க நமக்கு உரிமை உண்டா?

பிள்ளைகளின் மூளைக் கட்டிகளில் பல, பிடரிப் பக்கத்துச் சிறுமூளைப் பகுதியில் தோன்றுகின்றன. அங்கே வளரும் கட்டி மூளைநீரின் வழியை அடைக்க, மண்டையோட்டினுள் அழுத்தம் ஏறுகிறது. படுத்துறங்கும்போது அது மேலும் கூடுவதால் விடியலில் தலையிடியும் சத்தியும் வருகின்றன. எழுந்து நடமாடியபின் தணிகின்றன. இந்தத் தணிவையே நாம் பாசாங்கென்று கொள்கிறோம். தள்ளாடும் நடை, புதிதாக வந்த மாறுகண், இரட்டைப் பார்வை, குணமாற்றம் ஆகியனவும் அறிகுறிகளே. கட்டிகள் யாவும் புற்றுநோயல்ல. சில அறுவைச் சிகிச்சையால் முற்றாக நீங்குவன. ஆனால் தாமதத்தின் விலை பார்வையாகவும் இருக்கலாம், உயிராகவும் இருக்கலாம்.

தலையிடிகளில் மிகப் பெரும்பாலானவை கட்டியால் வருவன அல்ல. ஆகவே வீண் அச்சம் வேண்டாம், நாட்கணக்கு வேண்டும். பிரித்தானியாவில் 2011இல் தொடங்கிய 'ஹெட்ஸ்மார்ட்' இயக்கம் இக்கணக்கையே பெற்றோருக்கும் வைத்தியருக்கும் கற்பித்தது: சத்தி இரண்டு வாரமும் தலையிடி நான்கு வாரமும் தொடர்ந்தால் பிள்ளையைச் சோதித்தாக வேண்டும். முன்பு 14 வாரங்களுக்கு மேலிருந்த நோயறியும் இடைநிலைக் காலம், 2013இல் 7 வாரங்களுக்குக் கீழிறங்கியது.

நமது தண்ணீரூற்றுக்கு வருவோம். ஒரு தாய் வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்தால் அவளை அறிவிலி என்போமா? பிள்ளையின் மாற்றத்தை எவருக்கும் முன்னே கண்டதால்தானே அவள் நேர்த்தி வைத்தாள்! 2009 வரை போர் மிதித்த இம்மண்ணில் பிள்ளையின் மௌனத்துக்கு 'மனப்பாதிப்பு' என்ற பெயரும் ஆயத்தமாக இருக்கிறது. அப்பெயரோடு ஆராய்ச்சி நின்றுவிடலாகாது.

அரச வைத்தியசாலைகளில் கட்டணம் 1951இல் ஒழிக்கப்பட்டது. அது பெரும் வெற்றி. ஆயினும் பிள்ளைகளின் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பெயர்பெற்ற மகரகம வைத்தியசாலை முல்லைத்தீவிலிருந்து 300 கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கிறது. பஸ் கட்டணம், இழந்த நாட்கூலி, தங்குமிடம், வீட்டில் விட்டுவந்த மற்றப் பிள்ளைகள் என்பவற்றை 'இலவசம்' என்ற சொல் கணக்கில் எடுப்பதில்லை.

அறியாமை குற்றமா என்று கேட்போருக்கு நமது விடை இது: அறியும் வழியற்ற தாயிடம் குற்றமில்லை, வழியிருந்தும் கேளாத நம்மிடம் உண்டு. ஆசிரியர் நோயை நிர்ணயிக்க வேண்டியதில்லை. எந்நாள் தொடங்கிற்று, எவ்வேளை வருகிறது, எத்தனை நாள் நீடித்தது என்று ஒரு தாளில் எழுதித் தாயின் கையில் கொடுத்தால் போதும். வைத்தியர் முன் அவளுடைய சொல்லுக்கு அது வலுவூட்டும். அவள் பயணத்துக்கு வண்டியும் தங்க இடமும் கேட்டு நிற்பது ஆசிரியர் சங்கங்களும் மாணவரும் சேர்ந்து செய்யவேண்டிய வேலை.