பிரிக்கிற நாள்

உத்தியோகம் ஓய்ந்த பிறகு ஊசியும் நூலுமாக உட்கார்ந்துவிட்ட என்னைக் கண்டு வீட்டார் முதலில் சிரித்தார்கள். இதனால் யாருக்கும் உபத்திரவம் இல்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்கள். பழைய புத்தகக் கடையில் அகப்பட்ட, ஒட்டுத்துணிப் போர்வை தைக்கக் கற்பிக்கும் ஆங்கிலப் புத்தகம் ஒன்றுதான் எனக்கு ஆசான். அதைவிட வேறு உபதேசம் வேண்டியதில்லை என்று நான் கொண்டிருந்த நம்பிக்கை, அடுத்த வீட்டு அத்தை ஒரு மாலை வந்து, பாதி முடிந்திருந்த போர்வையை மடியில் விரித்துப் போட்டுக்கொண்டு, தையல் வரிகளை எல்லாம் விரலால் தடவித் தடவி எதையோ தேடிவிட்டு, “முடிச்சு எங்கே, தம்பி?” என்று கேட்டபோது சற்று ஆட்டம் கண்டது.

முடிச்சு உள்ளே இருக்கிறது என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என்ற மூன்றையும் ஒன்றாக்கும் அந்தத் தையலில், நூலின் நுனியில் சிறிய முடிச்சிட்டு, தொடங்க வேண்டிய இடத்திற்கு ஓர் அங்குலம் தள்ளி மேல்துணியில் மட்டும் ஊசியை இறக்கி, பஞ்சின் ஊடே ஓட்டி, தொடங்கும் புள்ளியில் வெளியே வாங்கி, நூலை வெடுக்கென்று ஓர் இழுப்பு இழுத்தால், முடிச்சு துணியைப் புகுந்துகொண்டு போய்ப் பஞ்சில் சிக்கிக்கொள்ளும். வெளியே அதன் சுவடுகூடத் தெரியாது. மெல்ல இழுத்தால் முடிச்சு அசையாது. பலமாக இழுத்தால் நூல் முழுவதும் கையோடு வந்துவிடும். இரண்டுக்கும் நடுவிலுள்ள அந்த இழுப்பைப் புத்தகத்தால் சொல்ல முடியவில்லை; படம் போட்டதோடு நின்றுவிட்டது. கை தானாக அதை அறிந்துகொண்ட தினத்தில் எனக்கு உண்டான சந்தோஷம் என் வயதுக்குச் சிறிது அதிகம்தான்.

அத்தை வியக்கவில்லை. அவரும் போர்வை தைப்பவர்; தைத்ததைப் பின்னால் பிரிப்பவர். “சரி, பிரிக்கிற அன்றைக்கு எந்த நுனியைப் பிடித்து இழுப்பாய்?” என்று கேட்டுவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

புத்தகத்தில் இதற்கு விடை இல்லை என்பதைவிட, இந்தக் கேள்வியே அதில் இல்லை என்பதுதான் என்னை உறுத்தியது. நல்ல புத்தகம் அது. ஊசியின் எண் ஏற ஏற ஊசி சிறுக்கும் என்பதையும், இணைப்புத் தையலுக்குக் கால் அங்குலம் துணி விடவேண்டும் என்பதையும், ஆரம்பத்தில் சிறிய தையலை நாடாமல் சமமான தையலையே நாடவேண்டும் என்பதையும் பொறுமையாகச் சொல்கிறது. ஆனால் பிரித்தல் என்ற காரியம் அதில் ஒரே இடத்தில், உபகரணங்களின் ஜாபிதாவில், பிழையைத் திருத்துவதற்கான ஒரு சிறு கத்தியாக மட்டும் வருகிறது. இத்தகைய போர்வைக்கென்றே எழுந்த முதல் முழு நூல் என்று அமெரிக்காவில் மேரி வெப்ஸ்டர் என்ற அம்மையார் 1915ஆம் ஆண்டு வெளியிட்டதைச் சொல்வார்கள். அதற்கு முன் பெரும்பாலும் தாய் மகளுக்குச் சொன்னதே சாஸ்திரம். அச்சில் ஏறியபோது, முடிந்த போர்வையின் அழகிய படம் ஏறியது. அதன் முதுமை ஏறவில்லை போலும்.

என் தாயார் அக்காவுக்குத் தைத்த பாவாடைகள் ஞாபகத்துக்கு வருகின்றன. கீழ்ப்புறத்தில் இரண்டு மூன்று டக்குகள் வைத்து, ஓட்டுத் தையல் போட்டு, முடிச்சை உட்புறத்தில் நன்றாகத் தெரியும்படி விட்டிருப்பார். ஒவ்வொரு தீபாவளிக்கு முன்னும், அக்கா எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று சுவரோரம் நிற்கவைத்துப் பார்த்துவிட்டு, ஒரு டக்கைப் பிரிப்பார். துணியின் மறுகோடியைப் பிடித்துக்கொள்வது என் வேலை. முடிச்சைப் பற்களால் கடித்து ஓர் இழுப்பு. நூல் அறாமல் வந்துவிடும். அதை அட்டைத் துண்டில் சுற்றி வைத்துக்கொள்வார். பிரிந்த இடத்தில் வெயிலும் சோப்பும் படாத துணி, புதிது வாங்கின நாளின் நிறத்தோடு ஒரு பட்டையாக எட்டிப் பார்க்கும். அக்காவுக்கு அந்தப் பட்டையைக் கண்டால் வெட்கம்; எனக்கோ அது பெரிய ஆச்சரியம். அந்தக் காலத்தில் எதையும் பிரிப்பதில் எனக்கு ஓர் ஆசை இருந்தது. மாவு மூட்டையின் வாயில் மெஷின் போட்ட சங்கிலித் தையல் சரியான முனையைப் பிடித்தால் சரசரவென்று முழுவதும் கழன்றுவிடும், மறு முனையைப் பிடித்தால் இன்னும் இறுகும் என்பதை அறிந்திருந்தவன் எங்கள் வீட்டில் நான் ஒருவனே.

ஜப்பானியர் தங்கள் கிமோனோவைத் துவைப்பதற்காகத் தையலை முழுவதும் பிரித்து, துவைத்த பிறகு மறுபடி தைத்துக்கொள்வது முன்பு வழக்கமாக இருந்தது என்று எங்கோ படித்தது நினைவிருக்கிறது. நேர்நேரான பட்டைகளாக வெட்டுவதால், பிரித்தால் துணி துணியாகவே திரும்பக் கிடைத்துவிடும். வங்காளத்துப் பெண்கள் காந்தா என்ற போர்வை தைக்கப் பழைய புடைவைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்தே நூலை உருவி எடுத்தார்களாம். இவற்றையெல்லாம் அத்தையின் கட்சிக்குச் சாட்சியாகச் சேர்த்துக்கொண்டே போனவனுக்கு, புத்த பிக்ஷுக்களின் சீவரம் என்ற உடை குறுக்கே வந்து நின்றது. மகத நாட்டு வயல்களின் வரப்புகளைக் காட்டி, அதைப் போலத் துணியை அமைக்க இயலுமா என்று புத்தர் ஆனந்தரைக் கேட்டதாக விநய பிடகத்தில் உண்டு. அங்கே துணியை வெட்டுவதே அதன் மதிப்பைக் குறைப்பதற்காக. வெட்டித் தைத்ததைப் பிறர் இச்சிக்க மாட்டார்கள். என் போர்வையும் வெட்டிய துண்டுகளால் ஆனதுதானே? நாளை யாரேனும் நுனியைப் பிடித்துப் பிரித்தாலும் முழுத் துணி திரும்பி வருமா? துண்டுகள்தாம் வரும். கத்தரி செய்ததை எந்த முடிச்சும் மீட்காது.

அப்படியானால் அத்தையின் கேள்வி ஏன் போகமாட்டேன் என்கிறது? நான் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். ‘சந்திர சூரியர் உள்ளவரையில்’ என்று எழுதி, பின்னால் யாரும் வாய் திறக்க இடமில்லாதபடி வாசகத்தை இறுக்குவதில் எனக்கு ஊரில் நல்ல பெயர் இருந்தது. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் பின்னாளில் அதே பத்திரங்களோடு என் திண்ணைக்கு வந்து, இதை எங்கிருந்து தொடங்கி மாற்றலாம் என்று கேட்டதுண்டு. தொடங்குவதற்கு இடம் இல்லாதபடி எழுதியிருந்தேன். கோர்ட்டுக்குப் போய் அறுத்துக்கொண்டார்கள். நான் எழுதியது சட்டப்படி குற்றமற்றது என்று இன்றும் என் அபிப்பிராயம்.

புத்தகத்தின் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. வெளியே விட்ட முடிச்சு உரசி உரசித் தேயும், சலவையில் அவிழும். பிரிக்க எளிதான தையல், பிரிய வேண்டாத நாளிலும் பிரியும். இந்தப் போர்வை என் பேத்திக்கு. அவளோ கையில் அகப்படும் எந்த நூலையும் இழுத்துப் பார்க்கிற சுபாவம் உடையவள்.

மீதிப் பாதியை எந்த விதமாகத் தைப்பது என்று நான் தீர்மானிக்கவில்லை. அத்தையிடமே கேட்கலாம். ஆனால் அவர் பிரித்த போர்வைகள் அவரே தைத்தவை. முடிச்சு எங்கே என்று அவருக்குத் தெரியும். என்னுடையதைப் பிரிக்கப்போகிறவர் யார், பிரிக்க வேண்டுமென்று நினைக்கிற ஒருவர் இனி இருப்பாரா என்பதே எனக்குத் தெரியாத நிலையில், அவருக்காக ஒரு நுனியை வெளியே விட்டுவைப்பது அக்கறையா, அல்லது அதுவும் ஒரு வகைப் பெருமைதானா என்று எவ்வளவு யோசித்தும் விளங்கவில்லை.